முதலில் தொடும் கை

"…அது கிடக்கட்டும், விடு. நீ சொன்னியே, அந்தத் தொரசானியோட ஊரு, அங்க கைராசின்னே ஒண்ணு கிடையாதா? புதுசா ஒரு சாமான் வாங்கினா, வாங்கினவங்களே தொட்டு ஆரம்பிச்சுக்குவாங்களா?"

என் மாமியார் இதைக் கேட்டது பொன்மலையில், எங்கள் லைன் வீட்டு வாசலில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில். எதிரே ஒரு புதுத் தையல் மிஷின். அதைக் குடம்போல இடுப்பில் தூக்கிவந்து இறக்கிய எதிர்வீட்டுப் பெண், பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு நின்றிருந்தாள். குழாயடியில் இருந்தவர்கள் குடம் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்காமல் எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட சமயத்தில், வெற்றிலை மென்றுகொண்டு ஊர்க்கதை கேட்கிறவர் மாதிரி, என்னைப் பார்த்து இந்தக் கேள்வி.

கேட்பதற்கு வெறும் விசாரிப்புபோல இருக்கும். அது அப்படியில்லை என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். உங்களுக்கும் தெரிய வேண்டுமென்றால் நான் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

என் மாமியார் கைராசிக்காரர். ஒரு புதுப் பொருளை அவர் முதலில் தொட்டுக் கொடுத்தால் அது விளங்கும் என்று ஒரு பேட்டையே நம்பியது. ரயில்வே பட்டறை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாறியபோது மாமனாரும் மாமியாரும் சட்டிபானையோடு இங்கே வந்து சேர்ந்தவர்கள். பொட்டலில் வரிசை வரிசையாக வீடுகள், சுண்ணாம்பு வாசனை போகாத சுவர்கள். அடுப்பு புதுசு, குழாய் புதுசு, பக்கத்து வீட்டுக்காரர் புதுசு. குடிவந்த அன்று பால் காய்ச்சியபோது பல வீடுகளில் அடுப்பு புகைந்து மூச்சு முட்டியதாம். ஒரு வீட்டில் பால் திரிந்தேபோனதாம். மாமியார் வீட்டில் மட்டும் கிழக்குப் பக்கமாக நுரை பொங்கி அழகாக வழிந்தது. அதை எட்டிப் பார்த்த ஓர் அம்மாள், எங்கள் வீட்டு அடுப்பையும் நீங்களே வந்து பற்றவையுங்கள் என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். அன்றைக்கு நீண்ட கை, பிறகு மடங்கவே இல்லை.

நான் கல்யாணமாகி வந்தபோது நிலைமை எப்படி என்றால், எங்கள் பக்கத்தில் எதுவும் அவரைக் கேட்காமல் புழக்கத்துக்கு வராது. புது முறத்தில் முதல் புடைப்பு அவருடையது. புதுப் பானையில் முதல் பிடி அரிசி அவர் போட்டது. கைக்குழந்தைக்கு முதல் வாய்ச் சோறு அவர் ஊட்டியது. சைக்கிள் வாங்கினால்கூட, வாங்கியவர் ஏறி மிதிக்கமாட்டார். பெரிய கடைவீதியிலிருந்து தள்ளிக்கொண்டே வந்து எங்கள் வாசலில் நிறுத்துவார். மாமியார் கையை முழங்கைவரை கழுவி, மஞ்சள் தொட்டு, ஸ்ரீரங்கம் இருக்கும் திசையைப் பார்த்து "ரங்கா" என்று ஒரே ஒரு தடவை சொல்லுவார். பிறகு ஹாண்டில்பாரில் சந்தனம் வைத்து, பெல்லை ஒருமுறை அடிப்பார். அந்தப் பெல்லை அடிக்கும்போது மட்டும் அவர் முகத்தில் சின்னப் பெண்ணின் சிரிப்பு ஒன்று வந்துபோகும். இதற்கெல்லாம் அவர் வாங்கிக்கொள்வது வெற்றிலை பாக்கு. கொஞ்சம் வசதியானவர்கள் தட்டில் ஒரு ரவிக்கைத் துண்டும் வைப்பார்கள். அந்தத் துண்டும் வீட்டில் தங்காது. யார் வீட்டிலாவது வளைகாப்பு, பூப்பு நீராட்டு என்று வந்தால் அங்கே போய்விடும். புகழ்ந்தால் அவர் சொல்வது ஒன்றுதான்: "கை என்னுது. ராசி ரங்கனுது. எனக்கு வெத்தலை போதும்."

எங்கள் வீட்டைத் தேடி வருகிறவர்கள் மாமனாரின் பட்டறை வேலையைச் சொல்லி, பிட்டர் வீடு எது என்று கேட்டதில்லை. கைராசிக்கார அம்மா வீடு எது என்றுதான் கேட்பார்கள். பிறந்த வீட்டில் எனக்கென்று இருந்த பெருமை ஒரு கைப்பிடிதான். புகுந்த வீட்டில் அது மரக்கால் கணக்கில் கிடைத்தது. மருமகள் மாமியாரைப் பற்றி இப்படிச் சொல்லுகிறாளே என்று சிரிக்காதீர்கள். நாங்கள் சண்டை போட்டதும் உண்டு. ரசத்தில் புளி கூடிவிட்டதென்று இரண்டு நாள் பேசாமல் இருந்ததும் உண்டு. அது வேறு, இது வேறு.

என்னைப் பற்றி ஒரு வரி. பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்தது மூன்றே மாதம். மீதிப் படிப்பு மளிகைப் பொட்டலத்தில். சீரகத்தைக் கொட்டிவிட்டுக் காகிதத்தை நீவி நீவிப் படிப்பேன். கதை பாதியில் அறுந்துபோகும், அடுத்த பொட்டலம் வரும்வரை மீதியை நானே கட்டிக்கொள்ளுவேன். குழாயடியிலும் கோயில் வரிசையிலும் யார் எதை அழகாகச் சொன்னாலும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் அப்படி வந்தது. ஊசிவேலை மட்டும் கையில் படிந்திருந்தது. கிழிசல் தைத்தால் கிழிந்த இடம் தெரியாது. அதைக் கேள்விப்பட்டுத்தான் என்ஜினீயர் துரையின் பங்களாவுக்கு என்னைத் தையல் வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

அந்தத் துரைசானி வெள்ளைக்காரி என்று பேரே ஒழிய, மற்ற வெள்ளைக்காரிகளோடு ஒட்டமாட்டார். உயரமான ஆள், வெயிலில் உரிந்த மூக்கு, ஓயாத வாய். துரை முன்னே அர்ஜென்டினா என்ற தேசத்தில் ரயில்வே வேலை பார்த்தபோது அங்கே கட்டிக்கொண்டவராம். அந்த ஊரில் பேசுவது ஸ்பானிஷ். இங்கிலீஷ் அவருக்கு அரைகுறை, எனக்கு அடியோடு இல்லை. ஆகையால் நாங்கள் இருவரும் நன்றாகவே பேசிக்கொண்டோம். தமிழை அவர் சமையல்காரரிடம் கற்றிருந்தார். அவருக்கு எல்லாரும் "நீ, வா, போ"தான். ஒருநாள் கோயில் பிரசாதம் கொண்டுவந்த பெரியவரையே "நீ உக்காரு, சாப்பிடு" என்றார். அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

ஒரு நாள் காலையில் நான் போனபோது துரைசானி புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் காலை நீட்டி, "எஸ்த்ரேனோ" என்றார். ஸ்பானிஷில் செருப்புக்கு அதுதான் பேர்போல என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துப் புதுச் சோப்புக் கட்டியின் உறையைப் பிரித்து முகர்ந்து பார்த்து, அதற்கும் "எஸ்த்ரேனோ". செருப்புக்கும் சோப்புக்கும் ஒரே பேரா என்று குழம்பினேன். பிறகு தீபாவளி முடிந்து நான் புதுச் சுங்கடி கட்டிக்கொண்டு போனேன். வாசல்படியிலேயே என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துப் புருவத்தைத் தூக்கி, "எஸ்த்ரேனாஸ்?" என்று கேட்டார். அந்தப் புருவம்தான் எனக்கு அகராதி. எங்கள் குழாயடியில் "என்ன, புதுசா?" என்று கேட்கிறவர்களின் புருவம் அச்சாக அப்படித்தான் ஏறும்.

ஒரு பொருளை முதன்முதலாகப் புழங்குவது: அதுதான் அந்தச் சொல். எஸ்த்ரெனார் என்பது மூலம். பேசுகிற ஆளுக்குத் தகுந்தபடி வால் மாறும், தலை மாறாது. பிடிபட்டதும் நான் அதைத் துரத்த ஆரம்பித்தேன். புது வீட்டுக்குக் குடிபோனால் அதற்குச் சொல்லலாமா? சொல்லலாம். பிள்ளை புது நோட்டில் முதல் எழுத்து எழுதினால்? அதற்கும். நாடகம் முதல் தடவை மேடை ஏறினால்? அதற்கும். கடைக்காரருக்குக் காலையில் முதல் வியாபாரம் ஆவதையும் தன் அம்மா பிறந்த ஸ்பெயின் தேசத்தில் அந்தச் சொல்லாலேயே சொல்லுவார்கள் என்றார். இங்கே காந்தி மார்க்கெட்டில் போணி ஆகவில்லை என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கீரைக்காரம்மாளை நினைத்துக்கொண்டேன். அங்கேயும் ஒரு கீரைக்காரம்மாள் அப்படி உட்கார்ந்திருப்பாள்தானே. ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் எதையாவது ஒன்றைப் புதுசாகப் போட்டுக்கொண்டே ஆகவேண்டுமாம். ஏதும் இல்லாதவர்கள் ஒரு ரிப்பனாவது கட்டிக்கொள்வார்களாம். நம் தீபாவளிதான், எண்ணெய்க் குளியல் மட்டும் இல்லை.

ஒரு கூத்தையும் சொல்லவேண்டும். துரைசானி சித்திரை மாதம் ஒரு புதுக் குடை வாங்கினார். திருச்சி மழையை நம்பிக் குடை வாங்கியவர் நிலைமை உங்களுக்குத் தெரியும். அது பிரிக்காமலே மூலையில் நின்றது. யாராவது தொட்டால், "தொடாதே, இன்னும் எஸ்த்ரெனார் இல்லை" என்பார். ஐப்பசியில் ஒரு மத்தியானம் கொட்டியது பாருங்கள், சாப்பாட்டை விட்டுவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு தோட்டத்தில் ஓடினார். தோட்டக்காரரும் சமையல்காரரும் நானும் வராந்தாவில் நின்று பார்த்தோம். மாமரத்தைச் சுற்றி மூன்று தடவை வந்தார்.

இதையெல்லாம் வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொல்லுவேன். அவருக்கு முதலில் அந்தச் சொல் பிடிக்கவில்லை. "எல்லாத்துக்கும் ஒரே சொல்லா? பாவம், சொல்லுக்குப் பஞ்சம்போல" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு வீறாப்பு வந்துவிட்டது. காலண்டர் தாளை எடுத்துக்கொண்டு நம்முடையதை எழுத உட்கார்ந்தேன். வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். தேருக்கு வெள்ளோட்டம், பட்டறையில் பழுதுபார்த்து வெளியே வரும் என்ஜினுக்கும் என் வீட்டுக்காரர் அதையேதான் சொல்லுவார். ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் அரங்கேற்றம். கடைக்குப் போணி. துணிக்குக் கோடி. நெல்லுக்குப் புத்தரிசி. வருஷத்து முதல் உழவுக்கு நல்லேர். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பேர் வைத்துத் தொட்டிலில் போட்டிருக்கிறார்கள் நம் ஜனங்கள். மறுநாள் அந்தத் தாளைத் துரைசானியிடம் படித்துக் காட்டியபோது என் குரலே எனக்குக் கொஞ்சம் பெரிதாகக் கேட்டது.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செருப்புக்கு?" என்றார். செருப்புக்கு இல்லை. சோப்புக்கும் குடைக்கும் இல்லை. அவருடைய சொல்லுக்குக் குடையும் ஒன்று, கோபுரமும் ஒன்று. அதை நான் ஒப்புக்கொண்டேன்.

கைராசி விஷயத்தில்தான் எங்களுக்கு வழக்கு வந்தது. என் புதுப் பொருளை இன்னொருவர் தொட்டுத் தொடங்கிவைப்பார் என்று சொன்னதும் துரைசானிக்குத் தாங்கவில்லை. முதல் நாள் ருசி இருக்கிறதே, அதைப் போய் யாராவது கொடுப்பார்களா என்றார். அவர் வீட்டில் மூன்றாவது பெண். செருப்பு, கவுன், புத்தகப் பை, எல்லாமே இரண்டு அக்காமார்கள் போட்டுத் தேய்ந்தபிறகு வந்தவை. பதினைந்தாவது வயதில்தான் முதன்முதலாக வேறு யார் காலும் பட்டிராத செருப்பு கிடைத்ததாம். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தாராம், தெருவில் நடந்தால் தேயுமே என்று. அப்படிப்பட்டவருக்கு அந்தச் சொல் எவ்வளவு இனிக்கும்!

என் மாமியார் அந்த ருசியைத் தின்பதில்லை, தொட்டுவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார் என்று நான் வாதாடினேன். துரைசானி, "உன் மாமியார் தனக்குன்னு என்ன எஸ்த்ரெனார் பண்ணிச்சு?" என்று கேட்டார்.

மாமியார் கட்டும் புடவை கல்யாணமான மகள்கள் கட்டிப் பழசாக்கியது. ரவிக்கைத் துண்டுகள் வந்த வேகத்தில் போய்விடும். ஊர்ப் புதுசையெல்லாம் தொட்டவர் தனக்கென்று ஒரு புதுசைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் அம்மி விஷயம் நடந்தது.

எதிர்வீட்டில் புது அம்மி வாங்கினார்கள். வழக்கம்போல மாமியாரைக் கூப்பிட்டார்கள். கொத்திய கல்லில் துகள் இருக்கும். ஆகையால் புது அம்மியில் நேரே சமையலுக்கு அரைக்கக்கூடாது. மாமியார் முதலில் ஒரு துண்டு மஞ்சளை அரைத்து, ரங்கனைக் கூப்பிட்டு, அப்புறம் தவிடு போட்டு அரைத்துக் கழுவினார். இன்னும் இரண்டு நாள் தவிட்டை அரைத்து அரைத்துக் கொட்டி, விரலில் தேய்த்துப் பார்த்து நறநறப்பு இல்லையென்றால்தான் தேங்காய் வைக்கவேண்டும் என்று எதிர்வீட்டு அம்மாளிடம் சொல்லிவிட்டு வந்தார். தாம்பூலத்தில் ஒரு பச்சை ரவிக்கைத் துண்டு வைத்துக் கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் அந்த வீட்டுப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. நல்ல நாள் பார்த்ததில் ஏதோ மாற்றம், மறுநாளே வருகிறோம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். பழைய அம்மியை அதற்குள் யாருக்கோ கொடுத்தாயிற்று. வந்தவர்களுக்கு சொஜ்ஜி, பஜ்ஜி, தேங்காய்ச் சட்னி. மாப்பிள்ளையின் அப்பா பஜ்ஜியைச் சட்னியில் அழுத்தித் தோய்த்து வாயில் போட்டார். கடக் என்று சத்தம் எங்கள் வீட்டுவரை கேட்டது என்று நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆனால் குழாயடியில் அப்படித்தான் சொன்னார்கள். கடைவாய்ப் பல் இரண்டாகப் போயிற்று. மனிதர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சம்பந்தமும் அவரோடு எழுந்து போய்விட்டது.

மறுநாள் பொழுது விடியுமுன்னே பேச்சு கிளம்பிவிட்டது. அந்த அம்மியை யார் தொட்டுக் கொடுத்தது? கைராசி போய்விட்டது. போய் வெகுநாளாயிற்று, நாம்தான் கவனிக்கவில்லை. பால் வற்றிய மாட்டுக்கும், பங்க்சரான சைக்கிளுக்கும், பரீட்சையில் தவறிய பையனுக்கும் அவரவர் காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். யாரும் நேரில் ஒன்றும் சொல்லவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். புது முறம் எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. பட்டறைக்காரர் ஒருவர் புதுச் சைக்கிளை எங்கள் வாசல் வழியாக ஓட்டிவரக் கூச்சப்பட்டு, இறங்கி, பின்பக்கச் சந்தில் சாக்கடை ஓரமாகத் தள்ளிக்கொண்டே போனார். மாமியார் கொல்லையில் நின்று அதைப் பார்த்துவிட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார், இவர் துணியை உதறிக் கொடியில் போட்டார். வெற்றிலையை இனிமேல் நாம்தான் வாங்கவேண்டும் போலிருக்கிறது என்று மாமனார் வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்தார். வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த மாதங்களில் மாமியார், வெயில் காலத்திலும், கை இரண்டையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டே இருப்பார்.

எதிர்வீட்டுப் பெண் அப்போது என்னோடு பங்களாவுக்கு வந்துகொண்டிருந்தாள். ஜன்னல் திரைகள் தைக்க எனக்கு ஒரு துணை வேண்டியிருந்தது. துரைசானியின் மிஷினில் என்னைவிட அவளுக்குச் சீக்கிரம் கை பழகியது. ஒருநாள் திரும்பி வரும் வழியில் திடீரென்று நின்று அழுதுவிட்டாள். மாமியார் சொன்னபடி தவிடு அரைக்கவே இல்லையாம். நேரமில்லை, புது அம்மிதானே, சுத்தமாகத்தான் இருக்கும் என்று அவள் அம்மா சொல்ல, அவளே சட்னி அரைத்தாளாம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. நேரே வீட்டுக்கு வந்து, அத்தை, இதை நான் குழாயடியில் போட்டு உடைக்கப்போகிறேன் என்று குதித்தேன். மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவே இல்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும். அவங்க அம்மி கழுவி ஊத்தின தண்ணியைப் பார்த்தேன். ஒரு பொட்டுத் தவிடு இல்லை."

பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"பொண்ணு நிக்கிற வீடும்மா அது. சொன்னதைக் கேக்காத அவசரக்குடுக்கை வீடுன்னு பேரு கட்டிட்டா, நாளைக்கு அவளை எவன் வந்து பார்ப்பான்? என் கைக்கு வந்த பேரு என் கையோட போகட்டும். நீ கீரையை அலசு."

அலசினேன். அன்று சாயங்காலம் காலண்டர் தாளில் அந்த வார்த்தைகளை எழுதி வைத்தேன். இந்த ஊரில் எத்தனையோ பெரிய மனிதர்களின் பேச்சைக் கேட்டிருக்கிறேன், எழுதியும் வைத்திருக்கிறேன். அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு இன்னொன்று கிடைக்கவில்லை. வேறு பேச்சை எடுக்கலாம் என்று துரைசானியின் செருப்புக் கதையை அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன். அந்த ஊரில் அவரவர் பொருளை அவரவரே முதலில் தொடுவார்களாம், அதற்குத்தான் அந்தச் சொல்லாம் என்றும் சொன்னேன். கேட்டுக்கொண்டே விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வந்துவிட்டேன்.

பெண்ணுக்குத் தையல் நன்றாகப் பிடிபட்டு நாலு பேர் துணி கொடுக்க ஆரம்பித்ததும், அவள் அப்பா பெரிய கடைவீதியிலிருந்து ஒரு கை மிஷின் வாங்கிவந்தார். கறுப்பு உடம்பு, தங்கப் பூ, பக்கத்தில் சுற்றுகிற கைப்பிடி. இதைத் தொட்டுக் கொடுக்க என் மாமியாரைக் கூப்பிடுவார்களா என்று லைன் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. கூப்பிடவில்லை. புத்தூரில் கைராசியுள்ள ஒரு அம்மாள் இருக்கிறாராம், வெள்ளிக்கிழமை காலையில் அவர் வருகிறாராம். செய்தி குழாயடி வழியாக எங்களுக்கு வந்தது. மாமியார் "நல்லது" என்றார். கை முந்தானைக்குள்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பட்டறைச் சங்கு ஊதி ஆண்கள் எல்லாரும் போயாயிற்று. புத்தூர் அம்மாள் இன்னும் வந்து சேரவில்லை. குழாயடியில் நல்ல கூட்டம். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பெண் தலைகுளித்து ஈரம் சொட்ட, மிஷினை இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருவைக் குறுக்கே கடந்து நேரே எங்கள் வாசலுக்கு வந்தாள். பின்னாலேயே அவள் அம்மா ஓடிவந்து பாதித் தெருவில் நின்றுவிட்டார். குழாயடியில் ஒருத்தி, "ஏண்டி, புத்தூருக்கு வழி இதுவா?" என்று கேட்டாள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

பெண் திரும்பிப் பார்க்கவில்லை. மிஷினை எங்கள் வாசல்படியில் இறக்கினாள். "பெரியம்மா, நீங்கதான் தொட்டுக் குடுக்கணும். வேற யாரு தொட்டாலும் நான் இதுல தைக்க மாட்டேன்."

மாமியார் அவளையே பார்த்தார். முந்தானைக்குள் கை அசைந்ததை நான் பார்த்தேன். அதோடு விட்டிருந்தால் போதும். அந்தப் பெண் அதோடு விடுகிற ஜாதியில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு குழாயடிப் பக்கம் திரும்பினாள். குரல் எல்லாருக்கும் கேட்டது.

"எல்லாரும் கேட்டுக்குங்க. அன்னைக்கு அந்த அம்மியில…"

அவள் அம்மா பாதித் தெருவில் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த வார்த்தை வெளியே வந்துவிட்டால் மாமியாரின் கை மீண்டுவிடும். அந்த வீட்டின் பேர் போய்விடும். எனக்கு, சொல்லட்டும் என்றுதான் இருந்தது. உள்ளபடி சொல்லுகிறேன், சொல்லட்டும் என்றுதான் இருந்தது.

அப்போதுதான் என் மாமியார் குறுக்கே புகுந்தார். அம்மி என்றால் தேயும், கல் என்றால் உதிரும், அதையெல்லாமா பேசிக்கொண்டு நிற்பார்கள், அது கிடக்கட்டும் விடு என்று அவள் பேச்சை நறுக்கிவிட்டு, என் பக்கம் திரும்பி அந்தத் துரைசானியின் ஊரைப் பற்றி விசாரித்தார். அங்கே வாங்கினவர்களே தொட்டு ஆரம்பித்துக்கொள்வார்களா என்று.

நான் பதில் சொன்னேன். "ஆமா அத்தை. அவங்கவங்க கையாலதான். அதுக்குன்னே ஒரு சொல்லு வச்சிருக்காங்க."

"நல்ல சொல்லுதான்" என்றார்.

உள்ளே போனார். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது ஒரு கையில் மஞ்சள் கிண்ணம், மறு கையில் மடிப்புக் கலையாத ஒரு பச்சை ரவிக்கைத் துண்டு. அம்மி தொட்ட அன்று எதிர்வீட்டுத் தாம்பூலத்தில் வந்தது. வந்த துண்டையெல்லாம் வாரிக் கொடுத்தவர் இதை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார் என்று எனக்கே அன்றுவரை தெரியாது. பாதித் தெருவில் நின்ற அம்மாளுக்கு அந்தப் பச்சை தெரிந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து, "அக்கா" என்றார். மாமியார் அவரைப் பார்த்து, நிற்கிறாயே, உட்கார் என்றார்.

பிறகு முழங்கைவரை கை கழுவினார். துணியின் மூலையில் மஞ்சள் தடவினார். ஸ்ரீரங்கம் இருக்கும் திசையைப் பார்த்து "ரங்கா" என்றார். துணியைப் பெண்ணின் கையில் கொடுத்தார்.

"இந்தா. முதல் போணி நான்தான். எனக்கு ஒரு ரவிக்கை தைச்சுக் குடு. அளவுக்கு ஒண்ணு உள்ள இருக்கு, அப்புறம் தரேன்."

குழாயடியில் அந்தப் புத்தூர் வழி கேட்டவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். சம்பந்தம் போனவளே வந்து கேட்கிறாள் என்றால் மற்றவர்களுக்கு என்ன என்று யாரிடமோ சொல்லிவிட்டு, குடத்தைக் கீழே வைத்து, "அக்கா, நாளன்னிக்கு எங்க வீட்டுல புது அடுப்பு போடுறோம். நீங்க வந்துடணும்" என்று இங்கே குரல் கொடுத்தாள்.

மாமியார் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மிஷினை ஒரு சாண் நகர்த்தி வெளிச்சத்தில் வைத்தார். பெண் பச்சைத் துணியின் ஓரத்தை ஊசிக்கு அடியில் நுழைத்துவிட்டு, பெரியம்மா கை வைப்பார் என்று காத்துக்கொண்டிருந்தாள். மாமியார் குனிந்து, அவள் வலது கையைப் பிடித்து மிஷினின் கைப்பிடிமேல் வைத்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பட்டறையைப் பார்வையிட வரும் பெரிய துரையைப்போல நிமிர்ந்து நின்றார்.